வீட்டு இன்ஷூரன்ஸ்: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு தந்த நிவாரணம் 6,000 ரூபாய். தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர் ஒரு ராத்திரி நின்றால் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிச்சன் கப்போர்டு, ஒயரிங் என்று போகும் தொகை சில லட்சம். மீதியை யார் தருவார்கள்?

அந்தச் சமயத்தில், "லோன் வாங்கும்போதே இன்ஷூரன்ஸ் போட்டாச்சே" என்று நம்பிக்கையோடு ஃபைலைத் தேடி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால், கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு அது. வீட்டுச் சுவருக்கோ, உள்ளே மிதந்த சோபாவுக்கோ அதில் ஒரு பைசா கிடையாது. அவர்கள் பிரீமியம் கட்டியிருந்தார்கள், ஆனால் வேறு எதற்கோ.

இன்று இந்தியாவில் வீட்டுக்கு பாலிசி எடுப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ இன்ஷூரன்ஸ் விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் 2021 ஏப்ரல் 1 முதல் இதை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ உத்தரவிட்டது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். பிரீமியமும், கூடுதல் பணம் கட்டி வாங்கும் ஆட்-ஆன்களும் மட்டும் மாறும். கீழே இருப்பவை இந்த பாலிசியை வைத்து எழுதியவை. உங்கள் பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செய்ய வேண்டியவை

கையில் இருப்பது எந்த பாலிசி என்று முதலில் பாருங்கள். 'ஹோம் லோன் புரொடெக்‌ஷன்', 'கிரெடிட் லைஃப்' மாதிரிப் பெயர் இருந்தால் அது உங்கள் உயிருக்கு எடுத்த பாலிசி. வீட்டு பாலிசியில் சொத்தின் முகவரி இருக்கும். கட்டடத்துக்கு இவ்வளவு, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு இவ்வளவு என்று தொகை தனித்தனியாக இருக்கும். வங்கி உண்மையிலேயே வீட்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்கலாம். அப்படியானால் முழுக் கட்டடத்துக்கா, கடன் தொகைக்கு மட்டுமா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். நகல் கையில் இல்லையென்றால் இன்றே வங்கிக் கிளைக்கு மெயில் அனுப்புங்கள்.

எந்தக் காரணத்தால் சேதம் வந்தால் பணம் வரும் என்ற பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, வீடு நிற்கும் மண் உள்வாங்குவது, காட்டுத்தீ, மரமோ வண்டியோ வந்து மோதுவது, கலவரம், வேண்டுமென்றே பிறர் செய்யும் நாசவேலை, பயங்கரவாதம், தண்ணீர் டேங்கோ குழாயோ வெடித்து அல்லது நிரம்பி வழிவது எல்லாம் பட்டியலில் உண்டு. சேதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பது "எதனால் வந்தது?" என்பதைத்தான். சுவர் விழுந்தது என்று சொன்னால் போதாது. புயலில் சாய்ந்த வேப்பமரம் மேலே விழுந்ததால் சுவர் விழுந்தது என்றால் பணம் உண்டு. முப்பது வருடமாகப் பூசாமல் விட்டதால் விழுந்தது என்றால் கிடையாது.

கட்டடத்தின் மதிப்பைக் கட்டுமானச் செலவை வைத்துப் போடுங்கள். அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். மடிப்பாக்கத்தில் 85 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 85 லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, ஏரியாவின் மவுசு. நிலம் எரிந்து போவதில்லை, அதற்கு இன்ஷூரன்ஸும் இல்லை. இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. கார்ப்பெட் ஏரியா 900 சதுர அடி, கட்டும் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை 22.5 லட்சம். பாலிசியில் சதுர மீட்டரில் கேட்பார்கள். சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் போதும். பத்திரத்திலோ விளம்பரத்திலோ இருக்கும் சூப்பர் பில்ட்-அப் ஏரியாவைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஊர் ரேட்டை வீடு கட்டித் தரும் ஒரு இன்ஜினீயரிடம் கேட்டு எழுதுங்கள்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை போய், கணக்கில் விட்டுப்போனவற்றைச் சேருங்கள். காம்பவுண்டு சுவர், கேட், கார் நிறுத்தும் ஷெட், போர்டிகோ, சம்ப், செப்டிக் டேங்க், மாடியில் சோலார் பேனல் எல்லாமே கட்டடம் என்ற கணக்கில் வரும். வீட்டுப் பரப்புக்கு மட்டும் தொகை போட்டுவிட்டு இவற்றை மறப்பவர்கள் நிறைய. புயலில் முதலில் சாய்வது காம்பவுண்டு சுவர்தான்.

உள்ளே இருக்கும் பொருட்களை அறை அறையாகக் கூட்டிப் பாருங்கள். கட்டடத்துக்கு பாலிசி எடுத்தால், அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கவர் வந்துவிடும். மேலே சொன்ன 22.5 லட்சம் ஃபிளாட்டுக்கு இது 4.5 லட்சம். இரண்டு ஏசி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், லேப்டாப், மெத்தை கட்டில், சோபா, கிரைண்டர், மிக்ஸி, துணிமணி, பாத்திரம் என்று இன்றைய கடை விலையில் கூட்டினால் நடுத்தர வீட்டிலேயே அது போதாமல் போகலாம். அதிகம் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நகை, வெள்ளிச் சாமான், ஓவியம் போன்றவை சாதாரண வீட்டுப் பொருட்களில் சேராது. 'வேல்யுபிள் கன்டென்ட்ஸ்' என்ற விருப்பக் கவரில்தான் வரும். மொத்தம் 5 லட்சத்துக்குள், எந்த ஒரு நகையும் 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. இன்றைய பவுன் விலையில் ஒரு நடுத்தர ஆரமே 1 லட்சத்தைத் தாண்டிவிடும், ஆகவே அப்ரைசரிடம் சான்று வாங்கிக்கொள்வதுதான் வழி. விலை ஏறும்போது தொகையையும் ஏற்றுங்கள். மூன்று வருடத்துக்கு முன் போட்ட மதிப்பு இன்றைய நகைக்குப் போதாது.

கொள்ளைக்கான ஆட்-ஆன் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏன் என்பது அடுத்த பட்டியலில் இருக்கிறது.

வாடகை வீட்டில் இருந்தால் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுங்கள். கட்டடம் ஓனர் கவலை, உங்கள் டிவி உங்கள் கவலை. ஓனர் பாலிசி வைத்திருந்தாலும் அதில் உங்கள் சாமானுக்கு ஒன்றும் வராது.

அபார்ட்மென்ட்டில் இருந்தால் அசோசியேஷனிடம் பாலிசி நகல் கேளுங்கள். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், மொட்டை மாடி, படிக்கட்டு இவற்றுக்கு எல்லோரும் சேர்ந்து எடுக்கும் பாலிசி இருக்கிறதா, முடிந்துபோனதா என்பது பல இடங்களில் செக்ரட்டரிக்கே தெரியாது. அசோசியேஷன் முழுக் கட்டடத்துக்கும் எடுத்திருந்தால் உங்கள் ஃபிளாட்டின் கட்டடமும் அதில் அடங்குமா என்று பாருங்கள். அடங்கினால் நீங்கள் பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். ஒரே சேதத்துக்கு இரண்டு பாலிசியில் இரண்டு முறை பணம் வராது.

மாடி கட்டினாலோ ரூம் இழுத்தாலோ உடனே நிறுவனத்துக்கு எழுதுங்கள். கார்ப்பெட் ஏரியாவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கட்டி, கூடுதல் பிரீமியம் கட்டாமல் விட்டால் புதிதாகக் கட்டிய பகுதிக்கு கவர் இல்லை. மகன் கல்யாணத்துக்கு மேலே ஒரு போர்ஷன் எழுப்புவது நம் வீடுகளில் சாதாரணம். அந்தச் செலவுக் கணக்கில் இந்தக் கூடுதல் பிரீமியத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இன்று மாலையே போனை எடுத்து வீடு முழுக்க வீடியோ எடுங்கள். வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாகப் போங்கள். பீரோ, கப்போர்டு கதவுகளைத் திறந்து காட்டுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரை நெருக்கமாகக் காட்டுங்கள். பேசிக்கொண்டே எடுத்தால் இன்னும் நல்லது: "இது போன தீபாவளிக்கு வாங்கினது, பில் இருக்கு." நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பித் தனியாகப் படம் எடுங்கள். பில்களையும் பாலிசியையும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவிலோ மெயிலிலோ போட்டுவைத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்புங்கள். வெள்ளம் வந்தால் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் பாலிசிதான் முதலில் நனையும். சர்வேயர் "இது இருந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கும்போது பத்து நிமிட வீடியோ உங்களுக்காகப் பேசும்.

முடிந்தால் பல ஆண்டுக்குச் சேர்த்து எடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட பாலிசியில் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறும். சிமென்ட், கம்பி, கூலி ஏறும் வேகத்துக்கு இது தேவை. அக்டோபரில் ரினியூவல் மறந்து நவம்பரில் தண்ணீர் புகும் ஆபத்தும் இல்லை.

சேதம் நடந்தவுடன் நிறுவனத்துக்குச் சொல்லி, க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள். போனில் சொன்னாலும் அதையே ஒரு மெயிலாகவும் அனுப்புங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறை, திருட்டு அல்லது கலவரம் என்றால் போலீஸ் ஸ்டேஷன், இரண்டுக்கும் காகிதம் வேண்டும். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் எனப்படும் புகார் ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். திருட்டு க்ளெய்முக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர் நகல் கேட்டு வாங்குங்கள். சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் க்ளெய்ம் படிவம் போய்ச் சேர வேண்டும். வெள்ளத்தில் போன் நனைந்து, நெட்வொர்க் இல்லாமல் இருந்தால் உறவினர் மூலமாவது தகவல் கொடுத்துவிடுங்கள்.

வேறு வீட்டில் குடியேற நேர்ந்தால் அந்த வாடகையையும் கேளுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பட்டியலில் உள்ள காரணத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், சரிசெய்ய ஆகும் நியாயமான காலம் வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டு, மாற்று வீட்டு வாடகை கட்டட பாலிசியிலேயே அடங்கும். நீங்கள் வாடகைக்கு விட்டிருந்த வீடு என்றால் நின்றுபோன வாடகையைக் கேட்கலாம். குடியிருக்கத் தகுதியில்லை என்று ஒரு ஆர்க்கிடெக்ட்டிடமோ உள்ளாட்சி அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். இடிபாடு அள்ளிப் போட க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் உண்டு. இவற்றைக் கேட்காவிட்டால் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

செய்யக்கூடாதவை

திருட்டுப் போனால் பணம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வீட்டு பாலிசி என்றவுடன் எல்லோர் மனதிலும் வருவது திருடன்தான். அடிப்படை பாலிசியில் திருட்டுக்கு இடம் மிகக் குறுகலானது: வெள்ளம், தீ மாதிரிப் பட்டியலில் உள்ள ஏதாவது நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருட்டுப் போனால் மட்டும். வெள்ளத்துக்கு பயந்து வீட்டைப் போட்டுவிட்டுப் போனபோது உள்ளே புகுந்து எடுத்தால் கிடைக்கும். குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்து எடுத்தால் கிடைக்காது. அதற்குத் தனி ஆட்-ஆனோ தனி பாலிசியோ வேண்டும். அதிலும் பூட்டோ கதவோ உடைபட்ட தடயம் வேண்டும், வீட்டு வேலையாட்கள் எடுத்தால் செல்லாது, வீடு நீண்ட நாள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் செல்லாது என்று நிபந்தனைகள் இருக்கலாம். அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் இந்த ஒரு நிபந்தனையை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

பணம், தங்கக் காசு, பத்திரம் ஆகியவற்றுக்கு பாலிசியை நம்பாதீர்கள். ரூபாய் நோட்டு, காசு, தங்கக் கட்டி, பதிக்காத கற்கள், செக், பங்குப் பத்திரம், ஆவணம் எல்லாமே விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அட்சய திருதியைக்கு வாங்கிச் சேர்த்த காசும் பிஸ்கட்டும் இதில் மாட்டும். லாக்கரில் வைத்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: தீ, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆண்டு வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொறுப்பேற்காது.

ஒழுகும் கூரைக்கும் ஓதம் ஏறும் சுவருக்கும் க்ளெய்ம் போடாதீர்கள். மெல்ல மெல்ல வரும் கெடுதல் பராமரிப்புச் செலவு என்று கணக்காகும். கரையான், துரு, சாயம் போவது, பழைய குழாயில் கசிவு எல்லாம் அப்படித்தான். இதையும் வெள்ளச் சேதத்தோடு சேர்த்து எழுதினால் சர்வேயருக்கு உங்கள் மற்றக் கணக்கிலும் சந்தேகம் வரும்.

பக்கத்து மனையில் பள்ளம் தோண்டினால் சும்மா இருக்காதீர்கள். சென்னையில் பழைய தனி வீட்டை இடித்துவிட்டு பேஸ்மென்ட்டோடு அடுக்குமாடி கட்டுவது தெருத் தெருவாக நடக்கிறது. தோண்டத் தோண்ட உங்கள் சுவரில் விரிசல் ஓடும். மண் உள்வாங்குவதற்கு கவர் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் கட்டுமானம், இடிப்பு, பள்ளம் தோண்டுதல் ஆகியவற்றால் மண் இறங்கினால் பாலிசி பொறுப்பேற்காது. புது வீடு அமர்ந்து வரும் சாதாரண விரிசல், மோசமான டிசைன், மட்டமான பொருள், கடலரிப்பு, ஆற்றரிப்பு இவையும் அப்படியே. பில்டர் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுங்கள். சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். விரிசல் விட்ட பிறகு பேசினால் "முன்னாடியே இருந்ததுங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

கரண்ட் ஏறி இறங்கிக் கருகிய ஏசிக்கு இந்த பாலிசியை நீட்டாதீர்கள். ஷார்ட் சர்க்யூட், வோல்டேஜ் கோளாறு, தானே சூடாவது என்று எதனால் கருகினாலும் அந்தக் குறிப்பிட்ட சாதனத்துக்குப் பணம் இல்லை. மின்னல் காரணமாக ஷார்ட் ஆனாலும் இதே கதைதான். அந்த ஏசியிலிருந்து தீ பரவித் திரைச்சீலை, கட்டில், கூரை எரிந்தால் அவற்றுக்கு உண்டு. சாதனத்துக்கே வேண்டுமென்றால் பிரேக்டவுன் ஆட்-ஆன் தனியாக விற்கிறார்கள்.

போர்டிகோவில் நின்ற காரை இதில் சேர்க்காதீர்கள். வண்டிக்கு மோட்டார் பாலிசி தனி. அதிலும் தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கு வராது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அது சீஸ் ஆனால், இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு முழுக்கச் சொந்தப் பணம்.

தரைத்தளத்தில் மாவு மில்லோ மெஸ்ஸோ நடத்திக்கொண்டு 'குடியிருப்பு' என்று எழுதாதீர்கள். இந்த பாலிசி குடியிருக்கும் வீட்டுக்கானது. ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்பார். க்ளெய்ம் வரும்போது அவர் இருக்க மாட்டார், விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். கடைக்கும் தொழிலுக்கும் வேறு பாலிசிகள் இருக்கின்றன. ஓலை, தகரம், தார்ப்பாய் என்று கூரை எதுவாக இருக்கிறதோ அதையும் அப்படியே எழுதுங்கள்.

குறைத்துப் போட்டாலும் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். முன்பெல்லாம் பாதி மதிப்புக்கு பாலிசி எடுத்தால் ஒவ்வொரு சேதத்திலும் பாதிதான் தருவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை; இது வாடிக்கையாளருக்குக் கிடைத்த பெரிய நன்மை. 20 லட்சத்துக்கு எடுத்து 5 லட்சம் சேதம் வந்தால் 5 லட்சமும் கேட்கலாம். ஆனால் 40 லட்சம் வீடு முழுசாகப் போனால் வருவது 20 லட்சம்தான். பிரீமியத்தில் மிச்சமாவது ஆண்டுக்குச் சில நூறு ரூபாயாக இருக்கும்.

வங்கியில் "கட்டாயம்" என்று நீட்டும் பாலிசியில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று வங்கி கேட்கலாம். தங்கள் கூட்டு நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பாலிசியில் வங்கியின் பெயர் சேர்ந்திருந்தால் க்ளெய்ம் பணம் முதலில் வங்கிக்குப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நனைந்த பொருட்களை சர்வேயர் பார்க்கும் முன் தெருவில் வீசாதீர்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். தண்ணீர் வடிந்த மறுநாள் காலை தெரு முழுக்க மெத்தையும் சோபாவும் குவியும். நாற்றம் தாங்காது, வீட்டில் குழந்தை இருக்கிறது, மாநகராட்சி லாரி வாசலில் நிற்கிறது. தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். வேறு வழியே இல்லையென்றால் நிறுவனத்துக்கு மெயிலில் சொல்லிவிட்டுப் போடுங்கள். அதற்கு முன் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுங்கள். மெத்தையிலிருந்து ஒரு துண்டு வெட்டி வையுங்கள். சாதனங்களில் சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, பாடியை மாடியில் போட்டுவையுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கழுவுவதற்கு முன், ஒரு டேப்பைப் பிடித்து உயரம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். "தண்ணீர் எவ்வளவு வந்தது?" என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஈரமான ஃபிரிட்ஜை ஆன் செய்து பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. மெயின் ஸ்விட்சை அணைத்து, எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடுங்கள். சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வதும் பாலிசிப்படி உங்கள் கடமை. உடைந்த ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினால் அந்த பில்லையும் எடுத்து வையுங்கள்.

வருமான வரி விலக்குக்காக இதை எடுக்காதீர்கள். குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் இந்த பிரீமியம் 80சி-யில் வராது.

புயல் பெயர் வைத்த பிறகு பாலிசி தேடி ஓடாதீர்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு எடுக்கும் பாலிசி அந்தச் சேதத்துக்கு உதவாது. தமிழ்நாட்டில் தானே, வர்தா, கஜா, மிக்ஜாம், ஃபெஞ்சல் எல்லாமே நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்தவை. செப்டம்பருக்குள் பாலிசி கையில் இருக்கட்டும்.

தொகையை ஒத்துக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். 'முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அதில் இருக்கும். 4 லட்சம் கேட்ட இடத்தில் 1.5 லட்சம் நீட்டினால், எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று சர்வே ரிப்போர்ட் நகலோடு எழுத்தில் கேளுங்கள். பணம் அவசரமாகத் தேவை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மறுப்புடன் பெறுகிறேன் என்று எழுதி, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ கெடு வைத்திருக்கிறது. தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"க்ளெய்ம் இல்லை" என்று போனில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் பீமா பரோசா தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் நியாயமாக இல்லை என்றால், அதிலிருந்து ஓராண்டுக்குள், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் தரும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.